அப்பாவின் மாருதி 800-க்கு ஆர்பிஎம் மீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஓட்டவிட்டு ஏற்காடு போய் வந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் பார்வை சாலையை விட்டு அதிகம் விலகவில்லை. சரியான இடத்தில் கியர் இறக்கினார், ஏற்றினார். என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட நான் பொருத்திய ஆர்பிஎம் மீட்டரின் முள் நடுங்கவில்லை, அதைத் தாங்கும் பிராக்கெட் அசையவில்லை. வேலையைத் தொடங்கி ஏழு வாரம் கழித்துத்தான் இது ஒழுங்காக முடிந்தது. இதே வண்டி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு வாரமாவது மிச்சமாகட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி 1997 மாடல், கார்புரேட்டர், நான்கு கியர். அப்பா அதை 26 வருடமாக ஓட்டுகிறார். என்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றிப் பழகியவர். இரண்டு வருடமாகக் காது மந்தம். மேட்டில் என்ஜின் திணறுவது அவருக்குக் கேட்பதில்லை, மூன்றாவது கியரிலேயே இழுக்கிறார். சமவெளியில் எதிர்ப்பக்கம்: மூன்றில் கத்திக்கொண்டிருக்கும், நான்குக்குப் போக மாட்டார். காது கேட்காவிட்டாலும் பார்க்கக் கண் இருக்கிறதே என்று தோன்றியது. இந்த வண்டியில் கம்பெனி கொடுத்தது ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள், வெப்ப முள், அவ்வளவுதான்.

சென்னை போயிருந்தபோது ஜி.பி. ரோட்டில் 52 மி.மீ. மீட்டர் ஒன்று வாங்கினேன், 1,650 ரூபாய். 0 முதல் 8000 வரை முகப்பு. பின்னால் நான்கு வயர்: சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை விளக்குக்கு, பச்சை, பிளக்குகளின் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனைக்கு. ஒவ்வொரு தீப்பொறிக்கும் அந்த முனை ஒருமுறை துடிக்கும், மீட்டர் அந்தத் துடிப்பை எண்ணும். பின்பக்கம் 4, 6, 8 என்று சிலிண்டர் எண்ணிக்கைக்கு ஒரு சுவிட்ச்.

முதல் தவறு அங்கேயே நடந்தது. மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். சுவிட்சில் 3 இல்லை. கடையில் கேட்டதற்கு நாலில் வையுங்கள், கிட்டத்தட்ட வரும் என்றார்கள். நானும் கணக்குப் போடாமல் வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் பானெட்டைத் திறந்து, தற்காலிகமாக வயர் கொடுத்துப் பார்த்தேன். சும்மா ஓடும்போது முள் 700-க்குக் கீழே நின்றது. இந்த வண்டிக்கு 900 வாக்கில் இருக்க வேண்டும். ஸ்லோ (என்ஜின் சும்மா ஓடும் ஐட்லிங் வேகம்) குறைந்துவிட்டது என்று நினைத்து, முள் 900-ஐத் தொடும்வரை கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பினேன். மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஸ்லோ ஏன் இவ்ளோ ஏத்தி வெச்சிருக்கீங்க, பெட்ரோல் சும்மா போகுதே" என்றார். அவர் காது சொன்னதுதான் சரி.

கணக்கு இதுதான். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் (என்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. மூன்று சிலிண்டரில் ஒன்றரைதான். எனவே 4-இல் வைத்த மீட்டர் உண்மையில் முக்கால் பங்கை மட்டும் காட்டும். 900-க்கு 675 காட்டும். அது 900 காட்டினால் என்ஜின் 1200-இல் ஓடுகிறது என்று பொருள். 6-இல் வைத்தால் சரிபாதி காட்டும். கண்ணால் இரட்டித்துக்கொள்ளலாம்தான், ஆனால் 71 வயதுக்காரர் வளைவில் பெருக்கல் செய்ய முடியாது. முகப்பையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் மீட்டர் நம்பகமானதுதானா என்று தெரிய வேண்டும்.

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, செலவும் இல்லை. பழைய இரும்புச் சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கிராங்க் புல்லியின் விளிம்பில் வெள்ளை பெயின்டில் ஒரே ஒரு கோடு போட்டு, இரவில் அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால், குறிப்பிட்ட வேகங்களில் கோடு நின்றுவிட்ட மாதிரி தெரியும். ஒரு சுற்று முடிவதற்குள் விளக்கு எத்தனை தடவை எரிகிறதோ அத்தனை கோடாகத் தெரியும்: 1000-இல் ஆறு கோடுகள், 1200-இல் ஐந்து, 1500-இல் நான்கு, 2000-இல் மூன்று, 3000-இல் எதிரெதிரே இரண்டு. ஆறும் ஐந்தும் மங்கல்தான். நான்கிலிருந்து நன்றாகத் தெரிகிறது. கரண்டின் ஹெர்ட்ஸ் பெரும்பாலும் அரை சதவீதம்கூட நகராது என்பதால் கையில் இருக்கும் எந்த மலிவான கருவியையும்விட இது துல்லியம். எலக்ட்ரானிக் சோக்கில் இது தெரியாது. இன்வெர்ட்டரில் ஓடும்போதும் நம்பக் கூடாது. ஐட்லிங்கிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் 4500-இலும் நான்கு கோடு தெரியும்.

போர்டிகோவில் டியூப்லைட் பட்டியை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, தங்கை மகனை ஆக்ஸிலேட்டரில் உட்கார வைத்தேன். டார்ச்சை அணைத்துவிட வேண்டும், நிலையான வெளிச்சம் பட்டால் கோடு கரைந்துவிடும். ஒரு எச்சரிக்கை: புல்லியும் ஃபேன் பெல்ட்டும் நிற்பது போலவே தெரியும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். கையை ஓரடி தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் பக்கத்தில் வரக் கூடாது.

நான்கு கோடு நின்றபோது மீட்டர் 1150 காட்டியது, கணக்குப்படி 1125. மூன்று கோட்டில் 1500, சரியாக. இரண்டு கோட்டில் 2250, அதுவும் சரி. மீட்டர் நேர்மையானது, முகப்பு மட்டும்தான் வேறு வண்டிக்கு எழுதப்பட்டது. ஐந்து கோடு தெரிகிறதா என்று என் ஐட்லிங்கையும் சோதித்தேன், தெரிந்தது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

இனி இடம். இதில்தான் நாள் அதிகம் போனது. மீட்டரோடு கூடவே கண்ணாடி ஓரத் தூணில் பொருத்தும் கிண்ணம் ஒன்றும் 250 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். படங்களில் பார்க்க அழகாக இருக்கும். திருகுவதற்கு முன்னால், நல்ல வேளையாக, அதே அகலமுள்ள இன்சுலேஷன் டேப் உருளை ஒன்றை அந்த இடத்தில் ஒட்டி மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். வலது கொண்டை ஊசி வளைவில் நாம் பார்ப்பதே வலது தூணைத் தாண்டித்தான். தூணே ஒரு சைக்கிள்காரரை மறைக்கும், அதோடு இந்த உருளையும் சேர்ந்தால் இறங்கி வரும் பைக் முழுதாக மறைகிறது. அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வளைவிலேயே இறங்கி டேப்பைப் பிய்த்துவிட்டேன். 250 ரூபாய்க் கிண்ணம் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

அடுத்து டேஷ்போர்டின் மேல், நேர் எதிரே. எனக்கு வசதியாக இருந்தது. இரவில் உண்மையான மீட்டரை டபுள் சைடு டேப்பில் ஒட்டி விளக்கைப் போட்டபோது முகப்பு அப்படியே முன் கண்ணாடியில் பிரதிபலித்தது. பகலில் வெயிலில் நிறுத்தியிருந்தபோது டேப் இளகி மீட்டர் சாய்ந்து கிடந்தது. சேலம் வெயிலில் டேஷ்போர்டின் மேல் ஒட்டி வைக்கும் எதையும் நம்ப வேண்டாம், ஸ்க்ரூ போட வேண்டும்.

மூன்றாவது ஸ்டீயரிங் தண்டின் மேல், ஹோஸ் கிளிப் போட்டு. துளை போடும் வேலை இல்லை என்பதால் இதை விரும்பினேன். என் உயரத்துக்கு ஸ்பீடோமீட்டரின் அடிப்பகுதி மட்டும் மறைந்தது, பரவாயில்லை என்று விட்டேன். அப்பா உட்கார்ந்தார், சீட்டை நான்கு பல் முன்னால் இழுத்தார், "ஸ்பீடு தெரியலையேடா" என்றார். நான் அவர் சீட்டில் அவர் வைத்திருக்கும் நிலையில் உட்கார்ந்து பார்த்தேன். 40-லிருந்து 80 வரை முழுதும் மறைவு. இரண்டு இடங்களை என் கண்ணில் வைத்தே முடிவு செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மீட்டர் அவருக்கு. அவர் என்னைவிட ஐந்து அங்குலம் குட்டை, ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாக உட்காருபவர்.

எனவே அவரையே உட்கார வைத்து, சீட் அவர் நிலையில், கை பத்து மணி, இரண்டு மணி இடத்தில். நான் பக்கத்து சீட்டிலிருந்து டேப் உருளையை மெல்ல நகர்த்திக்கொண்டே, "அப்பா, ரோட்டைப் பாத்துக்கிட்டே ஒரு கண்ணு போடுங்க, தலையைத் திருப்பாதீங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஸ்பீடோமீட்டர் கூட்டின் இடது விளிம்பு முடிந்து டேஷ்போர்டு கீழே இறங்கும் மூலையில் "இங்கயே வை" என்றார். கூட்டின் உயரத்தைத் தாண்டாததால் சாலை மறையவில்லை. கூட்டின் நிழலில் இருப்பதால் வெயிலும் நேராக விழாது. ஸ்டீயரிங் வளையத்தின் இடதுபுற இடைவெளியில் முழு வட்டமும் தெரிந்தது. கியர் போடும் இடது கை போகும் பக்கமும் அதுதான், ஆனால் கை மோதவில்லை. அவர் கண்ணிலிருந்து அளந்தேன்: ஸ்பீடோமீட்டர் 66 செ.மீ., இந்த இடம் 69 செ.மீ. ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கும் தொந்தரவு இல்லை. அந்த இடத்தில் உருளை ஐந்து நாள் இருந்தது. இரண்டாம் நாளுக்குப் பிறகு அது இருப்பதையே அவர் சொல்லவில்லை.

பிராக்கெட்டுக்கு 20 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் அலுமினியப் பட்டை. வைஸில் மடக்கி எல் வடிவம். துளை போடுவதற்கு முன் டேஷ்போர்டின் அடியில் கையை விட்டு அந்த இடத்தில் வயர் கட்டு எதுவும் ஓடவில்லை என்று பார்த்தேன். டிரில் பிட்டில் 6 மி.மீ. விட்டு டேப் சுற்றிக்கொண்டேன், அதற்கு மேல் உள்ளே போகாது. 27 வருடப் பிளாஸ்டிக், வேகமாகப் போட்டால் விரிசல் விடும். முதலில் 2 மி.மீ., பிறகு 4 மி.மீ., கையாலேயே மெதுவாக. 4 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு, அடியில் பெரிய வாஷர், நைலான் நட். இடையில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர். மூன்று சிலிண்டர் என்ஜின் ஐட்லிங்கில் குலுங்கும், ரப்பர் இல்லாமல் முதலில் வைத்தபோது முள் மட்டுமல்ல, முழு மீட்டருமே நடுங்கியது.

முகப்பு வேலை ஒரு மாலை. மீட்டரின் மேல்வளையத்தைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பிக் கழற்றினேன். அசல் முகப்பில் 8000-க்கு 240 பாகை, அதாவது ஆயிரத்துக்கு 30. நமக்கு முக்கால் பங்கு என்பதால் ஆயிரத்துக்கு 22.5 பாகை. 0-விலிருந்து 6000 வரை 135 பாகையில் ஒரு விசிறி. மீட்டரையே பிராக்கெட்டில் திருப்பி 3000 உச்சியில் நிற்கும்படி வைத்தேன். இரண்டு பக்கமும் 67.5 பாகை, எண்ணைப் படிக்காமலே முள் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த என்ஜின் அதிகபட்ச இழுவையைக் கொடுப்பது 2500-இல், அதிகபட்சக் குதிரைத்திறன் 37 கிடைப்பது 5000-இல். எனவே 2500 முதல் 3500 வரை பச்சைப் பட்டை, 5000-க்கு மேல் சிவப்பு. எண்கள் 1 முதல் 6 மட்டும், பெரியதாக. ஸ்டிக்கர் தாளில் பிரிண்ட் எடுத்து, நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரு பிளவு வெட்டி, முள்ளைக் கழற்றாமல் அடியில் நுழைத்து ஒட்டினேன். முள்ளைப் பிடுங்கினால் பழைய இடத்தில் திரும்ப உட்காராது, அதைத் தொட வேண்டாம். என் மீட்டரில் வெளிச்சம் விளிம்பிலிருந்து வருகிறது. முகப்பின் பின்னாலிருந்து ஒளி வருகிற வகையில் இந்தத் தாள் அதை மறைத்துவிடும்.

பிறகு வயரிங். இங்கே செய்த தவறு பெரியது. பச்சை வயரைக் காயிலிலிருந்து பிளக் வயர்களோடு சேர்த்தே கட்டிக் கொண்டுவந்தேன். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் புதிதாக 6 மி.மீ. துளை போட்டு உள்ளே இழுத்தேன். துளையின் விளிம்பு வயரை அறுக்காமல் இருக்கப் போடும் ரப்பர் புஷ் அன்றைக்குக் கையில் இல்லை, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். 2000-க்கு மேல் முள் துள்ளியது. அது பிளக் வயர்களின் உயர் மின்னழுத்தம் பக்கத்திலேயே ஓடுவதால். அதைச் சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு வாரம் ஓடியது.

ஒரு காலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சட்டென்று நின்றது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. தள்ளி ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் காயில் கை வைக்க முடியாத சூடு. பிளக்கில் தீப்பொறி இல்லை. பச்சை வயரைக் காயிலிலிருந்து கழற்றிய உடனே ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அந்தத் துளையின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்து, செம்பு தகட்டைத் தொட்டுவிட்டது. காயிலின் நெகட்டிவ் முனை எர்த்தாகிவிட்டால் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது துண்டிக்கப்படும்போதுதான் தீப்பொறி வரும். துண்டிப்பு இல்லை, அதனால் தீப்பொறி இல்லை. சாவி போட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் காயிலே போயிருக்கும். இதே மலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க மனம் ஆறவில்லை. பின்னால் பஸ் வருகிற வளைவில் 71 வயது மனிதரை நிறுத்தியிருப்பேன்.

அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்தேன். காயில் முனையிலேயே, ஒரு அங்குலம்கூடத் தள்ளாமல், 10 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை வரிசையில் சாலிடர் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். விலை இரண்டு ரூபாய். இதற்குப் பிறகு வயர் எங்கே அறுந்து தகட்டைத் தொட்டாலும் மீட்டர் மட்டும்தான் சாகும், என்ஜின் ஓடும். வேண்டுமென்றே மீட்டர் பக்க முனையை எர்த்தில் தொட்டுப் பார்த்தேன், என்ஜின் துளிகூட மாறவில்லை. மீட்டரின் அளவும் மாறவில்லை, டியூப்லைட்டில் இன்னொரு தடவை சோதித்தேன். எல்லா மீட்டரும் இந்த ரெசிஸ்டரோடு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, பொருத்துவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை வயரை ஷீல்டு வயராக (மேலே உலோக வலை சுற்றியது) மாற்றினேன், மூன்று மீட்டர் நீளம். ஷீல்டை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்தேன். பிளக் வயர்களிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி, தகட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழைகிற பழைய ரப்பர் புஷ் வழியாகவே உள்ளே கொண்டுவந்தேன். நான் போட்ட துளையைக் கறுப்பு ரப்பர் அடைப்பான் வைத்து மூடி, வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசினேன், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். சிவப்பு வயருக்கு 2 ஆம்பியர் தனி ஃபியூஸ். வெள்ளை வயர் ஸ்பீடோமீட்டர் விளக்கோடு. முள்ளின் துள்ளல் அதோடு நின்றது.

செலவு: மீட்டர் 1,650, ஷீல்டு வயர் 90, அலுமினியப் பட்டை 60, ஃபியூஸ் ஹோல்டர் 40, ஸ்க்ரூ வாஷர் 35, ஸ்டிக்கர் பிரிண்ட் 30, ஹீட் ஷ்ரிங்க் 25, ரெசிஸ்டர் 2. மொத்தம் 1,932 ரூபாய், வீணான கிண்ணம் தனி.

மறுபடி செய்வதானால் டேப் உருளையிலிருந்து தொடங்குவேன், மீட்டரை அதற்குப் பிறகுதான் வாங்குவேன். அப்போது 52-க்குப் பதில் 60 மி.மீ. வட்டம்கூட அந்த மூலையில் பிடிக்கும் என்று தெரிந்திருக்கும். அப்பாவுக்கு இன்னும் பெரிய எண் போட்டிருக்கலாம். ரெசிஸ்டரும் ரப்பர் புஷ்ஷும் கையில் இல்லாமல் காயிலைத் தொடவே மாட்டேன். டீசல் ஜீப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதையே கேட்டார். அதில் காயிலே கிடையாது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) முனையிலிருந்து எடுக்கும் வகை மீட்டர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏற்காட்டில் பார்த்தது: இரண்டாம் கியரில் 25 கி.மீ. வேகத்தில் முள் பச்சையின் தொடக்கத்தைத் தொடுகிறது. கொண்டை ஊசியில் வேகம் 15-க்கு விழும்போது 1500-க்கு இறங்கிவிடுகிறது, அங்கேதான் முன்பெல்லாம் வண்டி உதறி உதறி ஏறும். இந்த முறை ஆறாவது வளைவுக்கு முன்பே அப்பா முதல் கியருக்கு இறங்கினார். ஏன் என்று கேட்டேன். "முள்ளு படுத்துடுச்சுல்ல" என்றார். இரவு திரும்பும்போது மீட்டர் விளக்கு கண்ணைக் கொஞ்சம் கூசியதாகச் சொன்னார். வெள்ளை வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும், அடுத்த ஞாயிறு வேலை அது.